குதிகாலில் ஒரு மில்லிமீட்டர்

போன ஆவணியில் என் கைக்கு ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. வலது குதிகாலுக்குச் சற்று மேலே வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் பத்து அடி நொண்டுவேன், அப்புறம் சரியாகிடும். ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று ஓடி முடித்தால் வலி இருந்ததே மறந்துபோகும். மறுநாள் காலை மறுபடி அதே பத்து அடி. கோயம்புத்தூரில் காலை நேரத்தில் ஓடுகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

அல்ட்ராசவுண்ட் எடுத்தவர் பொறுமைசாலி. ஒப்பிட்டுப் பார்க்கணும்னு வலிக்காத இடது காலையும் சேர்த்து எடுத்தார். ரிப்போர்ட்டில் இரண்டு காலுக்கும் ஒரே வாசகம்: தசைநாண் தடிப்பு, சிதைவு மாற்றங்கள். அளவைப் பார்த்தால் இடது கால்தான் அதிகம் தடித்திருந்தது. வலியே இல்லாத கால்! மருத்துவர் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார், "நாற்பத்தாறு வயசுல இனி ஓட்டம் எதுக்கு சார்? நடங்க, போதும்." நானும் நிறுத்தினேன். ஏழு மாதம்.

அந்த ஏழு மாதத்தில் உட்கார்ந்து படித்ததில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. நான் மருத்துவர் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கிற பழக்கம் உள்ள ஒரு ஓட்டக்காரன், அவ்வளவுதான். ஆகவே இதை ஒரு வாசகனின் விமர்சனமாக எடுத்துக்கொள்ளுங்கள், வைத்தியக் குறிப்பாக வேண்டாம்.

முதலில் பெயர்த் தகராறு. நம்ம ஊரில் எல்லாமே நரம்புதான். கெண்டைக்கால் பிடித்தாலும் 'நரம்பு இழுத்துக்கிச்சு', கழுத்து திரும்பலைன்னாலும் 'நரம்பு பிசகிடுச்சு'. இங்கே நான் பேசுவது நரம்பு அல்ல. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கும் அந்தத் தடித்த கயிறு, அக்கிலிஸ் தசைநாண். குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்தால் சிக்கும்.

இனி ஆய்வுக்கு வருகிறேன். 2009 ஏப்ரல் 19 அன்று இத்தாலியின் தெற்கில் பாரி நகரத்திலிருந்து 67 பேர் ஓடத் தொடங்கினார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் நார்வேயின் வடமுனை, நார்த் கேப். 64 நாட்கள், ஒரு நாள்கூட ஓய்வு இல்லை, மொத்தம் ஏறத்தாழ 4,487 கி.மீ. சராசரியாக ஒரு நாளைக்கு 70. அதாவது தினமும் ஒரு மராத்தானும் இன்னொன்றில் பாதிக்கு மேலும். ஓடியவர்கள் இருபது வயசுப் பசங்களும் இல்லை, சராசரி வயது ஐம்பதுக்குப் பக்கம்.

ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த ஊவே ஷூட்ஸ் என்ற மருத்துவரின் குழு செய்த காரியம்தான் என்னை வாயைப் பிளக்க வைத்தது. ஒரு 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. எந்திரத்தை லாரி டிரெய்லரில் ஏற்றி, ஓட்டக்காரர்கள் கூடவே இத்தாலியிலிருந்து வட துருவப் பக்கம் வரை ஓட்டிக்கொண்டு போனார்கள். 67 பேரில் 44 பேர் சம்மதித்தார்கள். ஓடுவதற்கு முன் ஒரு படம், பிறகு சில நூறு கி.மீ.க்கு ஒருமுறை ஒரு படம். கால், முழங்கால், மூளை, உடம்புக் கொழுப்பு என்று பட்டியல் நீளம்.

இதன் அருமை புரிய, வழக்கமாக நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு வலி வந்த பிறகு ஸ்கேன் எடுக்கிறோம். படத்தில் ஏதோ தெரிகிறது. அது வலியோடு வந்ததா, பத்து வருஷமாக அங்கேயே இருந்ததா? சொல்ல வழியே இல்லை. என் இடது கால் விஷயம் இதுதான். உல்ம் குழுவுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அதே ஆள், அதே கால், அதே எந்திரம், முன்னும் பின்னும். இந்த ஒன்றுக்காகவே அந்த லாரிக்கு ஒரு கும்பிடு.

இந்தத் திட்டத்திலிருந்து பத்திரிகைகள் தூக்கிக்கொண்டு ஓடிய செய்தி மூளைதான். ஓட்டத்தின்போது மூளையின் சாம்பல்நிறப் பகுதியின் கன அளவு 6 சதவீதம் போலக் குறைந்து, எட்டு மாதம் கழித்து எடுத்த படத்தில் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. குருத்தெலும்புச் செய்தியும் பிரபலம்: முதல் 1,500 முதல் 2,500 கி.மீ. வரை மோசமாகிக்கொண்டு வந்த அளவீடு, கணுக்கால், பாத மூட்டுகளில் ஓட்டம் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே மீளத் தொடங்கியது. தசைநாணைப் பற்றிய கட்டுரையை மட்டும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2012இல் ஃப்ராய்ண்ட், வேபர், பில்லிச், ஷூட்ஸ் நால்வரும் எழுதியது. 22 பேரின் பாதங்களைப் பற்றியது. அதில் ஒரு எண். அக்கிலிஸ் தசைநாணின் சராசரித் தடிமன் 6.8 மி.மீ.இலிருந்து 7.8 மி.மீ. ஆனது.

ஒரு மில்லிமீட்டர். கேட்க ஒன்றுமில்லை போலத் தோணும். கணக்குப் போட்டால் 15 சதவீதம் கிட்ட வருது, அதுவும் இரண்டே மாதத்தில்.

இந்த ஒரு மில்லிமீட்டர் எதனால் ஆனது? கட்டுரையைப் படித்து முடித்த பிறகும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கேள்விதான். எண்ணைச் சொல்கிற அளவுக்கு அது எதனால் ஆனது என்று கட்டுரையால் சொல்ல முடியவில்லை. தப்பு எழுதியவர்களுடையது என்று சொல்லமாட்டேன். எந்திரத்தின் இயல்பே அப்படி.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது பெரும்பாலும் நீரை, இன்னும் சரியாகச் சொன்னால் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை. தசைநாணிலும் நீர் நிறையவே உண்டு. ஆனால் அது கொலாஜன் இழைகளோடு இறுகக் கட்டுண்டு கிடப்பதால், அதிலிருந்து வரும் சைகை எந்திரம் காது கொடுப்பதற்குள் அடங்கிவிடுகிறது. அதனால் ஆரோக்கியமான தசைநாண் வழக்கமான படத்தில் வெறும் கறுப்பு. உள்ளே என்ன இருக்கு என்று படம் காட்டுவதில்லை; சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்புக்கு நடுவே ஒரு கறுப்புப் பட்டையின் ஓரத்தைத்தான் காட்டுகிறது. நாம் அளப்பது அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இழைகள் காந்தப்புலத்துக்கு 55 பாகை சாய்வில் இருந்தால், நல்ல தசைநாணும் நோயாளி மாதிரி வெளுத்துத் தெரியும். 'மாயக் கோணம்' என்றே இதற்குப் பெயர். பாதத்தை வைக்கும் விதம் மாறினால் படம் மாறும்.

பாதப் படங்களில் ஒரு பிக்சல் பொதுவாக அரை மில்லிமீட்டர் சுமார் இருக்கும். அப்படியென்றால் நம் ஒரு மில்லிமீட்டர் இரண்டு பிக்சல்தான். 22 பேரின் சராசரி என்பதால் அளப்பவரின் கைத்தவறு ஒன்றுக்கொன்று சரியாகிவிடும், உண்மை. ஆனால் எல்லோரையும் ஒரே பக்கம் இழுக்கும் பிழை சராசரியில் கரையாது. தினமும் 70 கி.மீ. ஓடுகிறவர்களின் கணுக்காலைச் சுற்றி நீர் கோத்திருக்கும். தசைநாணைச் சுற்றியுள்ள மெல்லிய உறையும் வீங்கியிருக்கலாம். ஓரம் மங்கினால் கோடு கொஞ்சம் வெளியேதான் போடுவோம். ஒரு மில்லிமீட்டரில் எத்தனை பங்கு கயிறு, எத்தனை பங்கு அதன் உறை என்று தடிமன் ஒன்றை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

சரி, வளர்ச்சி உண்மை என்றே வைத்துக்கொள்வோம். புதுசா கொலாஜன் வளர்ந்ததா? இதுமாதிரி முடிவுகளைப் பற்றிப் பேசும்போது 'தகவமைப்பு' என்ற வார்த்தை சரளமாக வந்து விழும். உடம்பு பளுவுக்கு ஏற்றபடி தன்னைப் பலப்படுத்திக்கொண்டது என்ற அர்த்தத்தில். கேட்க இனிமையான வார்த்தை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. காரணம் இன்னொரு ஆய்வு.

1955 முதல் 1963 வரை வல்லரசுகள் காற்றுவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தார்கள். காற்றில் கார்பன்-14 அளவு ஏகத்துக்கும் ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. அந்தக் காலத்தில் வளர்ந்த திசுவில் அந்த முத்திரை பதிந்திருக்கும். டென்மார்க்கில் ஹைனமையர் என்பவரின் குழு 2013இல் இறந்தவர்களின் அக்கிலிஸ் தசைநாணை எடுத்து இந்த முத்திரையைத் தேடியது. கிடைத்த பதில்: தசைநாணின் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயது வரை உருவாகிறது, அதற்குப் பிறகு கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. தசை மாறுது, இது மாறலை. என் குதிகாலுக்குள் இன்றைக்கும் இருப்பது பிளஸ் டூ படித்தபோது இருந்த அதே கயிறு என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கு.

பதின்பருவத்துக்குப் பிறகு அசையாத திசு, ஐம்பது வயதுக்காரரிடம் 64 நாளில் 15 சதவீதம் வளர்ந்தது என்றால், அதில் பெரும்பங்கு கொலாஜனாக இருக்க வாய்ப்பு குறைவு. நீராக இருக்கலாம், இல்லை, நீரைப் பிடித்து வைக்கும் சர்க்கரைப் புரதங்களாக இருக்கலாம். இது என் ஊகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்பன் ஆய்வு பார்த்தது நடுப்பகுதியை. வெளிவட்டத்தில் புது இழை சேர்வதை அது மறுத்துவிடவில்லை.

நீர்க் கணக்கில் நேரமும் முக்கியம். குதிகாலை இறக்கி ஏற்றும் பயிற்சி செய்த உடனே அக்கிலிஸ் மெலிந்து, ஒரு நாளுக்குள் பழைய தடிமனுக்குத் திரும்புவதை அல்ட்ராசவுண்டில் பார்த்திருக்கிறார்கள். பிழிந்த துணி மறுபடி ஈரம் இழுப்பது மாதிரி. அப்படியானால் ஓடி வந்து படுத்தவுடன் எடுத்த படமும், தூங்கி எழுந்து எடுத்த படமும் ஒன்றாக இருக்காது. தசைநாணை அளக்கும் எந்த ஆய்விலும் தடிமன் பக்கத்திலேயே மணியையும் போட வேண்டும் என்பேன்.

இதுவரை 'தகவமைப்பு' என்ற வார்த்தையைக் கடிந்துகொண்டேன். இனி மறுபக்கம், 'சேதம்'. இந்தக் கட்டுரையில் நான் அடிக்கோடிட்ட இடம் 6.8, 7.8 அல்ல. ஓட்டத்தைப் பாதியில் கைவிட்டவர்களைப் பற்றிய பகுதிதான். தொடங்கியவர்களில் மூன்றில் ஒருவர் போல நார்த் கேப் போய்ச் சேரவில்லை. கைவிட்டதோடு தொடர்பு காட்டியது பாதத்தின் அடியில் உள்ள நார்ப்பட்டையின் வீக்கமும் தோலுக்கடியில் நீர் கோத்ததும்தான். தடித்த அக்கிலிஸ் அந்தப் பட்டியலில் இல்லை. தடித்த கயிற்றோடுதான் மனிதர்கள் ஐரோப்பாவைக் கடந்தார்கள்.

என் மருத்துவர் அதே படத்தைப் பார்த்து என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துச் சிரித்தேன். சுவீடன் எல்லையில் வைத்து, "போதும் சார், நடங்க."

ஆனாலும் உடனே துள்ளிக் குதிக்கக் கூடாது. இவர்கள் யார்? வருஷக்கணக்காக அல்ட்ரா ஓட்டங்கள் ஓடி, உடையாமல் மிச்சமிருந்தவர்கள். சின்ன வயதிலேயே தசைநாண் அறுந்து ஓட்டத்தை விட்டவர் பாரிக்கு வரவே மாட்டார். வடிகட்டிய கூட்டத்தில் பார்த்ததை என் தெருவுக்கு அப்படியே கொண்டு வர முடியாது. 22 பேர் என்பதும் சின்ன எண். கைவிட்டவர் சிலரை வைத்துச் சொல்லும் தொடர்பு இன்னும் சின்னது. ஓடாதவர்களின் ஒரு குழுவையும் பக்கத்தில் வைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். கூடவே வண்டியில் வந்த உதவியாளர்கள் இருந்தார்களே! அதே சாலை, அதே சாப்பாடு, அதே குளிர். ஓட்டம் மட்டும் இல்லை.

சாதாரண ஓட்டக்காரர்களைப் பற்றி அறிய இன்னொரு ஜெர்மன் ஆய்வு உதவும். ஹிர்ஷ்முல்லர் குழு 2012இல் வெளியிட்டது. வலி இல்லாத 634 ஓட்டக்காரர்களின் அக்கிலிஸை அல்ட்ராசவுண்டிலும் டாப்ளரிலும் பார்த்துவிட்டு, ஒரு வருஷம் காத்திருந்தார்கள். யாருக்கு வலி வந்தது? தடிப்போ கறுத்த திட்டுகளோ அவ்வளவாகத் துப்புக் கொடுக்கவில்லை. தசைநாணுக்குள் புதிய மெல்லிய ரத்த ஓட்டம் தெரிந்தவர்களுக்குத்தான் வலி வரும் வாய்ப்பு தெளிவாகக் கூடியிருந்தது. வாய்ப்பு விகிதம் 7 கிட்ட. நேர்மையாக எதிர்த்தரப்பையும் சொல்லணும்: 2016இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, வலியில்லாதபோதே படத்தில் மாறுதல் உள்ளவர்களுக்குப் பின்னாளில் வலி வரும் ஆபத்து கூடுதல் என்றே முடித்தது. ஆக, படம் பொய் சொல்வதில்லை. அது ஆபத்தைப் பற்றி ஏதோ முணுமுணுக்கிறது. நாம் அதைத் தீர்ப்பாக எழுதிக்கொள்கிறோம்.

ஆஸ்திரேலியாவின் ஷான் டாக்கிங், ஜில் குக் இருவரின் வேலையையும் இங்கே சேர்த்துப் படிக்கலாம். அவர்கள் பயன்படுத்தியது பந்தயக் குதிரைகளின் கால்களுக்காக உருவான ஒரு அல்ட்ராசவுண்ட் முறை. (குதிரைக்கு வந்த பிறகே நமக்கு வருது. ஒரு குதிரையின் விலையைப் பார்த்தால் ஆச்சரியமில்லை.) அவர்கள் கண்டது: கெட்டுப்போன தசைநாண் மொத்தத்தில் தடித்திருப்பதால், நடுவில் கெட்ட பகுதி போக, சுற்றிலும் ஒழுங்காக அடுக்கிய இழைகள் நல்ல தசைநாணில் உள்ள அளவுக்குக் குறையாமல் இருந்தன. ஓட்டையை விட்டுவிட்டு டோனட்டைக் கவனியுங்கள் என்பது அவர்கள் சொன்ன வழி. நமக்கு மெதுவடை போதும். ரிப்போர்ட் ஓட்டையின் குறுக்களவைச் சொல்லுது, சாப்பிடப்போவது வடையை.

இந்த வடை வாதம் நான் மேலே சொன்னதற்கே கொஞ்சம் எதிராகப் போகுது என்பது தெரியும். தடிப்பு வெறும் நீர் என்றால் சுற்றியிருக்கும் நல்ல இழை எங்கிருந்து வந்தது? வருஷக்கணக்கில் நோய்ப்பட்ட தசைநாண் வேறு, இரண்டு மாதம் அடி வாங்கிய தசைநாண் வேறு என்று சமாதானம் சொல்லலாம். முழுசா தீர்ந்தபாடில்லை. ஓட்டத்துக்குள் நடந்ததைத்தான் பாதக் கட்டுரை பேசுகிறது. மூளைக்கு எட்டு மாதம் கழித்து ஒரு படம் கிடைத்த மாதிரி, அந்த 22 ஜோடிக் கால்களுக்கும் எட்டாம் மாதத்தில் ஒரு படம் இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்திருக்கும். 7.8 மறுபடி 6.8 ஆகியிருந்தால் நீர். ஆகாமல் நின்றிருந்தால் நான் இந்தக் குறிப்பைத் திருத்தி எழுத வேண்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சிதைவு' என்று எழுதுவதற்குப் பதில் 'தடிமன் இவ்வளவு, ரத்த ஓட்டம் இருக்கு அல்லது இல்லை, வலி உள்ள பக்கம் இது, எடுத்த நேரம் இது' என்று எழுதினால் போதாதா? மருத்துவரைக் குறை சொல்லி என்ன பயன், அவர் முன்னால் இருந்தது அந்த ஒரு வார்த்தை. அதைப் பார்த்து யாராக இருந்தாலும் 'நடங்க' என்றுதான் சொல்வார்கள்.

பங்குனியில் மறுபடி ஓட ஆரம்பித்தேன். அதற்கு முன் மூன்று மாதம் வீட்டுப் படிக்கட்டில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சி. சுவீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் 15 ஓட்டக்காரர்களிடம் செய்து பார்த்தது: நாளொன்றுக்கு 180 முறை, 12 வாரம், வலித்தாலும் செய்யச் சொன்னார். என் மனைவி இரண்டாவது வாரத்திலேயே கேட்டாள், "எண்ணிக்கிட்டே படியில நிக்கிறீங்களே, யாருக்காவது காத்துட்டு இருக்கீங்களா?" காலை நேரப் பத்து அடி இப்போது மூன்று, நான்கு அடியாகக் குறைந்திருக்கு. சில நாள் மறுபடி எட்டு.

போன வாரம் ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போய்ப் பழைய படங்களின் மூலக் கோப்பு கிடைக்குமா என்று கேட்டேன். அடுத்த முறை எடுக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கணும், உல்ம் லாரியில் செய்த மாதிரி. "அதெல்லாம் அழிச்சிருப்பாங்க சார், உங்ககிட்ட பிரிண்ட் இருக்குமே" என்றார்கள். இருந்தது, பீரோவுக்குள் எல்.ஐ.சி. ரசீதுகளுக்கு நடுவில். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். இடது கால்தான் அதிகம் தடிப்பு. இன்று காலையும் அது வலிக்கவில்லை.